தம் மீதே வழக்குத் தொடுத்த ஆசிரியர்



பள்ளிக்கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கரும்பலகை, மணியோசை, பிரம்பு ஆகியவை. பிள்ளை தவறு செய்தால் குற்றம் சாட்டுபவர் ஆசிரியர், விசாரிப்பவர் ஆசிரியர், தீர்ப்புச் சொல்பவரும் ஆசிரியரே. சரி, ஆசிரியர் தவறு செய்தால்? அதைப் பிள்ளை எங்கே போய்ச் சொல்வது? யாரிடம் சொல்வது?

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு போலந்து நாட்டில் இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் மன்றம் ஒன்று இருந்தது. அந்த மன்றத்தில் அவர் தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்துத் தம்மை விசாரிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒரு முறையன்று, அரையாண்டுக் காலத்தில் ஐந்து முறை.

அவர் பெயர் யானுஷ் கோர்ச்சாக். சிறுவர் உரிமை என்று இன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. அவ்வெண்ணத்தைப் புத்தகத்தில் எழுதியதோடு நில்லாமல், நாள்தோறும் நடத்திக் காட்டியவர் அவர். அவருடைய வரலாற்றையும், அவர் வலியுறுத்திய ஓர் உரிமை பின்னாளில் உலக நாடுகளின் உடன்படிக்கையில் ஏறிய வரலாற்றையும் இன்று காண்போம்.

கோர்ச்சாக்கின் இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டை 1878 என்றும் கூறுவர், 1879 என்றும் கூறுவர். தந்தையார் வழக்கறிஞராக இருந்தும், மகனின் பிறப்பைப் பதிவு செய்யக் காலந்தாழ்த்தியதே இந்தக் குழப்பத்திற்குக் காரணம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலில் தயங்கி நின்ற பிள்ளைகளைக் கண்ட நம் தோட்டப்புற ஆசிரியர்களுக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

அக்காலத்தில் வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் மனநோய்க்கு ஆளாகி 1896ஆம் ஆண்டில் காலமானார். குடும்பம் வறுமையில் விழுந்தது. இளைஞர் ஹென்றிக் பிறர் வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தாயையும் சகோதரியையும் காப்பாற்றினார். 1898ஆம் ஆண்டில் ஓர் இலக்கியப் போட்டிக்காக அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர்தான் யானுஷ் கோர்ச்சாக். அப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அவர் படித்தது மருத்துவம். பட்டம் பெற்றபின் வார்சாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். போர்க்களத்திலும் இராணுவ மருத்துவராக இருந்தார். எழுத்தாளர் என்ற புகழும் சேர்ந்தது. நல்ல வருமானமும் மதிப்பும் உள்ள வாழ்க்கை அவருக்காகக் காத்திருந்தது. ஆனால், ஏழைப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கிராமப்புறத்திற்கு அழைத்துச் செல்லும் முகாம்களில் பணியாற்றியபோது அவர் மனம் வேறு திசையில் திரும்பியது. மருத்துவர் ஒரு பிள்ளையைச் சில நாட்கள் பார்க்கிறார்; காய்ச்சல் தணிந்ததும் பிள்ளை அதே பசிக்கும் அதே நெருக்கடிக்கும் திரும்பிப் போகிறது. பிள்ளையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தால்தான் அதை அறிய முடியும் என்று அவர் கண்டார்.

1912ஆம் ஆண்டில் வார்சாவின் க்ரோக்மால்னா தெருவில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. கோர்ச்சாக் அதன் இயக்குநரானார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் பெண்மணி அவருக்குத் துணையாக நின்று இல்லத்தின் அன்றாடப் பொறுப்புகளைச் சுமந்தார். சுமார் 100 பிள்ளைகள் அங்கு வாழ்ந்தனர். பின்னர் 1919ஆம் ஆண்டில், போலந்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மரினா ஃபால்ஸ்கா நடத்திய மற்றோர் இல்லத்திலும் கோர்ச்சாக் பங்கேற்றார்.

நேயர்களே, அநாதை இல்லங்கள் அதற்கு முன்பும் இருந்தன. சோறும் துணியும் படுக்கையும் கொடுத்த இல்லங்கள் பல. கோர்ச்சாக்கின் இல்லத்தில் புதுமை என்ன? அங்குப் பிள்ளைகள் இல்லத்தை நடத்துவதில் பங்கு பெற்றனர் என்பதே.

கூட்டுவது, துடைப்பது, பாத்திரம் கழுவுவது, சிறியவர்களைப் பார்த்துக்கொள்வது ஆகிய வேலைகளைப் பிள்ளைகள் முறைவைத்துச் செய்தனர். புதிதாக வரும் பிள்ளைக்கு வயதில் மூத்த ஒரு பிள்ளை மூன்று மாதங்களுக்குப் பாதுகாவலாக நியமிக்கப்படும். புதியவருக்கு வழிகாட்டுவதும் அவருக்காகப் பதில் சொல்வதும் அந்த மூத்த பிள்ளையின் கடமை. இல்லத்தின் செய்திகளை எல்லாரும் படித்தறிய அறிவிப்புப் பலகை ஒன்று தொங்கியது. பின்னாளில் பிள்ளைகளே தேர்ந்தெடுத்த 20 உறுப்பினர் கொண்ட ஒரு நாடாளுமன்றமும் ஏற்பட்டது.

தபால் பெட்டி ஒன்றும் இருந்தது. வேலை நெருக்கடியில் பெரியவர்கள் காது கொடுக்க முடியாதபோது, பிள்ளை தான் சொல்ல நினைத்ததை எழுதிப் பெட்டியில் போடலாம். இதனால் இரு பக்கமும் நன்மை என்று கோர்ச்சாக் விளக்கினார். பதிலுக்குப் பொறுத்திருக்கவும், சிறிய குறையையும் பெரிய குறையையும் பிரித்தறியவும் பிள்ளை பழகுகிறது. ஆசிரியரோ, பரபரப்பு அடங்கிய பிறகு நிதானமாக எண்ணிப் பார்த்து விடை சொல்ல முடிகிறது.

இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்கியதே பிள்ளைகளின் நீதிமன்றம். ஒருவன் அடித்துவிட்டானா? பொருளை எடுத்துக்கொண்டானா? கேலி செய்தானா? பாதிக்கப்பட்ட பிள்ளை வழக்குப் பதியலாம். அந்த வாரத்தில் தம் மீது வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தனர். இல்லத்து ஆசிரியர் செயலாளராக இருந்து வாக்குமூலங்களைத் தொகுத்துக் கொடுப்பார்; தீர்ப்பில் அவருக்கு வாக்குரிமை கிடையாது.

அந்த மன்றத்திற்குக் கோர்ச்சாக் வகுத்த சட்டத் தொகுப்பைப் பார்த்தால் அவர் உள்ளம் விளங்கும். முதல் 99 பிரிவுகளில் தண்டனையே இல்லை. வழக்கைத் தள்ளுவது, தெரியாமல் செய்ததற்காக மன்னிப்பது, வருந்துவதால் மன்னிப்பது, இனித் திருந்துவான் என்று நம்பி மன்னிப்பது, இப்படி மன்னிப்பின் பல வகைகள்தாம் அவற்றில் இருந்தன. நூறாம் பிரிவில்தான் முதன்முதலாகக் 'குற்றம் செய்தது உண்மை' என்ற சொல் வருகிறது. அதன் பின்னர் 200, 300 என்று படிப்படியாக ஏறி, இல்லத்தைவிட்டு விலக்கும் ஆயிரமாம் பிரிவில் முடிகிறது. எந்தப் பிரிவிலும் அடி இல்லை, பட்டினி இல்லை. தீர்ப்பே தண்டனை.

இந்த மன்றத்தின் முன்புதான் கோர்ச்சாக் ஐந்து முறை தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டார். அந்த ஐந்து வழக்குகளையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு சிறுவன் மீது கை வைத்தது ஒன்று. ஒருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றியது ஒன்று. ஒருவனை மூலையில் நிற்க வைத்தது ஒன்று. நீதிபதியாக இருந்த பிள்ளையை இழிவாகப் பேசியது ஒன்று. ஒரு சிறுமி திருடினாள் என்று சந்தேகப்பட்டுச் சொன்னது ஒன்று.

எல்லாம் நாம் அன்றாடம் செய்பவையே அல்லவா? இவற்றுக்கு ஒரு வழக்கா என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த வழக்குகளே தம்மைப் புதிய ஆசிரியராக்கிய பயிற்சி என்று கோர்ச்சாக் கருதினார். பிள்ளைகளிடம் தமக்கு அன்பு இருக்கிறது, ஆகவே அவர்களுக்கு அநீதி செய்யமாட்டேன் என்று சொல்வது போதாது. அன்பு ஒரு நாள் இருக்கும். களைத்துப்போன மற்றொரு நாள் இல்லாமற்போகும். ஆசிரியரின் கோபத்திலிருந்து பிள்ளையைக் காக்க ஒரு விதியும் ஓர் அமைப்பும் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

நேயர்களே, அந்த ஐந்தாவது வழக்கைப் படித்தபோது நமக்கு நம் வகுப்பறை நினைவு ஒன்று வந்தது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்த புதிது. மூன்றாம் ஆண்டு வகுப்பு நம் பொறுப்பில் இருந்தது. கல்விச் சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளிடம் பணம் சேர்த்து வந்தோம். ஒரு நாள் பத்து ரிங்கிட் நோட்டு ஒன்று குறைந்தது. ஓய்வு நேரத்தில் வகுப்பறைக்குள் தனியாக இருந்தவன் ஒரு சிறுவன். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டுபவர்கள். சுற்றுலாவுக்கு அவன் இன்னும் பணம் கட்டவில்லை. வேறென்ன வேண்டும்? எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவன் பையைக் கவிழ்த்தோம். இரண்டு புத்தகம், ஒரு துண்டுப் பென்சில், தாளில் சுற்றிய ரொட்டி. "நான் எடுக்கல சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னான். உண்மை வரும்வரை நில் என்று அவனைக் கதவோரம் நிறுத்திவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அந்த நோட்டு இரசீதுப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே கிடந்தது. வைத்தவர் நாமே. வகுப்பில் என்ன சொன்னோம் தெரியுமா? பணம் கிடைத்துவிட்டது, பாடப் புத்தகத்தைத் திறங்கள் என்றோம். அவ்வளவுதான். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் வகுப்பில் மரியாதை போய்விடும் என்று எண்ணினோம். அதற்கு முன் கேள்வி கேட்டால் துள்ளிக்கொண்டு கை தூக்கியவன், அவ்வாண்டு முடியும்வரை ஒரு முறைகூடக் கை தூக்கவில்லை.

கோர்ச்சாக்கும் அதே தவற்றைச் செய்தவர்தான். அவர் அதை ஒரு வழக்காகப் பதிவு செய்தார். நாம் பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னோம். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளை நம்பி இப்படிப் பொறுப்பைக் கொடுத்தால் எல்லாம் சுமுகமாக நடக்குமா என்று கேட்கலாம். நடக்கவில்லை. மன்றத்தைக் கேலி செய்த பிள்ளைகளும் இருந்தனர். தீர்ப்பை மதிக்காதவர்களும் இருந்தனர். நிலைமை முற்றியபோது கோர்ச்சாக் மன்றத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்து, விதிகளைத் திருத்தி, மீண்டும் தொடங்கினார். 1920களில் அவர் எழுதிய 'முதலாம் மாட் அரசன்' என்ற சிறுவர் நாவலிலும் இதே நேர்மையைக் காணலாம். அதில் அரியணையேறும் சிறுவன் பிள்ளைகளுக்கென ஒரு நாடாளுமன்றம் அமைக்கிறான். பெரியவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். பிள்ளைகள் நாட்டை நடத்துகிறார்கள். முடிவில் நாடே சீர்குலைகிறது. பிள்ளைகள் தேவதைகள் என்றோ, அவர்கள் சொல்வதெல்லாம் சரி என்றோ கோர்ச்சாக் எங்கும் சொல்லவில்லை. அவர்கள் மனிதர்கள் என்றுதான் சொன்னார்.

இல்லத்துக்கு வெளியே உள்ள பிள்ளைகளின் குரலும் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1926ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9ஆம் நாள், வார்சாவில் வெளிவந்த யூத நாளிதழ் ஒன்றின் இணைப்பாகச் சிறுவர் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். பெரியவர்கள் பிள்ளைகளுக்காக எழுதும் இதழன்று அது. பிள்ளைகளே எழுதிய இதழ். வீட்டுச் சண்டை, பள்ளியில் நேர்ந்த அவமானம், தெருவில் கண்ட அநியாயம் எல்லாம் அச்சில் ஏறின. 1939ஆம் ஆண்டில் போர் மூண்ட நாள்வரை அவ்விதழ் வெளிவந்தது.

வானொலி நேயர்களாகிய நமக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. 1930களில் போலந்து வானொலியில் 'முதிய டாக்டர்' என்ற பெயரில் ஒருவர் பிள்ளைகளோடு பேசி வந்தார். பெரியவர்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்த முதிய டாக்டர் கோர்ச்சாக்கே. யூதர் ஒருவர் போலந்துப் பிள்ளைகளுக்குப் போதிப்பதா என்ற வெறுப்பு நிலவிய காலமாதலால் அவருடைய பெயர் ஒலிபரப்பில் சொல்லப்படவில்லை. 1936ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. பின்னர் 1938ஆம் ஆண்டில் மீண்டும் பேச அழைத்தார்கள். 1939 செப்டம்பரில் வார்சா முற்றுகையிடப்பட்டபோதும் அவர் குரல் வானொலியில் ஒலித்து மக்களுக்குத் தைரியம் சொன்னது.

இனி, அக்கால உலகம் பிள்ளைகளின் உரிமையைப் பற்றி என்ன எண்ணியது என்று பார்ப்போம். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பல்லாயிரம் பிள்ளைகள் பட்டினியால் வாடினர். அவர்களுக்காக 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'குழந்தைகளைக் காப்போம்' நிதியைத் தொடங்கியவர்களுள் ஒருவர் எக்லன்டைன் ஜெப் அம்மையார். பகை நாட்டுக் குழந்தையும் குழந்தையே என்று துண்டறிக்கை கொடுத்ததற்காக நீதிமன்றத்தில் அபராதம் விதிக்கப்பட்டவர் அவர். அவர் எழுதிய ஐந்து அம்சப் பிரகடனத்தை 1924ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் ஜெனிவாவில் ஏற்றுக்கொண்டது. பசித்த பிள்ளைக்கு உணவு, நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவம், ஆபத்தில் முதல் உதவி பிள்ளைக்கே என்று அது கூறிற்று.

அதே காலத்தில் நம் மண்ணிலும் ஒரு சட்டம் வந்தது. மலாய்க் கூட்டரசின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று கூறியது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு காரணம். பல இடங்களில் பள்ளி என்பது ஓர் ஒற்றை அறை; ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நடந்த பள்ளிகளும் உண்டு. ஆயினும் அதுவும் ஒரு தொடக்கமே.

ஜெனிவாவாயினும் மலாயாவாயினும், அக்காலச் சட்டங்களுக்குப் பொதுவான தன்மை ஒன்று இருந்தது. அவை பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னவை. பிள்ளையைக் கேட்கச் சொல்லவில்லை. கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் பிள்ளை.

இந்தக் குறையை அன்றே எடுத்துக் காட்டியவர் கோர்ச்சாக். 1929ஆம் ஆண்டில் வெளிவந்த 'மதிக்கப்படுவதற்குப் பிள்ளைக்குள்ள உரிமை' என்ற சிறு நூலில் அவர் ஜெனிவாப் பிரகடனத்தைக் குறைகூறினார். அது கடமையையும் உரிமையையும் குழப்பிவிட்டது, கருணை காட்டுங்கள் என்று கெஞ்சுகிறதே தவிர உரிமை என்று கேட்கவில்லை என்பது அவர் வாதம். பிள்ளை நாளைக்கு மனிதனாகப் போகும் ஒன்றன்று. இன்றே மனிதன் என்பது அவர் கொள்கை.

அதே 1929ஆம் ஆண்டில் தம் முந்தைய நூலாகிய 'பிள்ளையை நேசிப்பது எப்படி' என்பதன் இரண்டாம் பதிப்புக்கு அவர் ஒரு குறிப்புச் சேர்த்தார். முதல் பதிப்பில் பிள்ளைகளின் அடிப்படை உரிமைகளாகச் சிலவற்றைப் பட்டியலிட்டிருந்தார். இப்போது, எல்லாவற்றிலும் முதன்மையானதை அன்று தாம் காணத் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். அது என்ன? பிள்ளை தன் எண்ணத்தைச் சொல்வதற்கும், தன்னைப் பற்றிப் பெரியவர்கள் ஆலோசித்து முடிவு செய்யும்போது அதில் பங்கு கொள்வதற்கும் உள்ள உரிமை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளோடு வாழ்ந்து, அவர்கள் மன்றத்தின் முன் நின்ற பின்னரே அவர் கண்டடைந்த உரிமை அது.

நேயர்களே, இனி வருவது கண்ணீர் வரலாறு. 1939ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாஜிப் படை போலந்தைக் கைப்பற்றியது. 1940ஆம் ஆண்டு இறுதியில் கோர்ச்சாக்கின் இல்லம் க்ரோக்மால்னா தெருவை விட்டு, யூதர்களை அடைத்து வைப்பதற்காக மதில் எழுப்பப்பட்ட கெட்டோ பகுதிக்கு விரட்டப்பட்டது. இடம் பெயரும்போது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கைப் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கப் போன கோர்ச்சாக் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்த பின்னர், நோயுற்ற உடம்போடு வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்கு உணவு திரட்டினார். அந்தப் பசியிலும் இல்லத்தில் பாடம் நடந்தது, முறைவேலைகள் நடந்தன.

1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது மகாகவி தாகூர் எழுதிய 'தபால் நிலையம்' என்னும் நாடகம். நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் அமல், சன்னல் வழியே உலகைப் பார்த்துக்கொண்டு, அரசரிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கும் கதை. 1927ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து சென்ற அதே தாகூரின் படைப்பு, மதிலுக்குள் அடைபட்ட வார்சாப் பிள்ளைகளின் வாயில் ஒலித்தது.

நான்கு நாட்களில் கெட்டோவிலிருந்து மக்களை மரண முகாமுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் இல்லத்தின் முறை வந்தது. கோர்ச்சாக்கைத் தப்புவிக்க நண்பர்கள் முன்வந்தனர், அவர் மறுத்துவிட்டார். சுமார் 200 பிள்ளைகளோடு, ஸ்டெபானியா வில்சின்ஸ்காவும் மற்ற ஆசிரியர்களும் உடன்வர, அவர் இரயில் நிலையத்திற்கு நடந்தார். திரெப்ளிங்கா முகாமிலிருந்து அவர்களுள் எவரும் திரும்பவில்லை.

கோர்ச்சாக்கின் பெயரைக் கேட்டவர் பலர் இந்த மரணத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடைசி நாளில் அவர் பிள்ளைகளைக் கைவிடாதது திடீரென்று வந்த வீரமன்று. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைச் சிறிய காரியங்களில் காப்பாற்றி வந்தவர், பெரிய காரியத்திலும் காப்பாற்றினார். அவ்வளவே.

போருக்குப் பின், 1959ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனம் பத்துக் கோட்பாடுகள் கொண்ட சிறுவர் உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. அதிலும் பிள்ளையின் கருத்தைக் கேட்பது பற்றிய பேச்சு இல்லை. 1978ஆம் ஆண்டில், நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்ற யோசனையை ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் முன் வைத்த நாடு எது தெரியுமா? கோர்ச்சாக் பிறந்த போலந்துதான். மறு ஆண்டாகிய 1979 அனைத்துலகச் சிறுவர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. முதலில் 1959ஆம் ஆண்டுப் பிரகடனத்தை ஒட்டி அமைந்திருந்த வரைவு, பத்தாண்டுக் கால விவாதத்தில் விரிந்தது. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் சிறுவர் உரிமை உடன்படிக்கை நிறைவேறியது.

அதில் 54 பிரிவுகள் உண்டு. பன்னிரண்டாம் பிரிவை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நல்லது. தனக்கென ஒரு கருத்துக் கொள்ளும் ஆற்றல் உடைய பிள்ளை, தன்னைப் பாதிக்கும் காரியங்கள் எல்லாவற்றிலும் அக்கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம்; பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1929ஆம் ஆண்டில் ஒரு நூலின் குறிப்பாக இருந்தது, சரியாக 60 ஆண்டுகளில் உலக நாடுகளின் உடன்படிக்கையில் இடம் பெற்றுவிட்டது.

மலேசியாவும் சிங்கப்பூரும் 1995ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தன. சில பிரிவுகளைத் தவிர்த்தே இரு நாடுகளும் சேர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் 2001ஆம் ஆண்டில் சிறுவர் சட்டம் இயற்றப்பட்டது. 2003ஆம் ஆண்டு முதல் இரு நாடுகளிலும் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிக்கு வரும் உரிமை சட்டத்தில் உறுதியாயிற்று. பள்ளிக்கு வந்த பிள்ளை வாய் திறக்கும் உரிமையோ, இன்னும் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

பிள்ளையைக் கேட்பது என்றால் பிள்ளை சொன்னபடி ஆடுவது என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்படியன்று. கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. முடிவு பெரியவர்களுடையதாக இருக்கலாம்; ஆனால் முடிவெடுக்குமுன் கேட்டிருக்க வேண்டும்; முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும்; தவறினால் ஒப்புக்கொள்ள வேண்டும். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அது மாட்டைப் பற்றிய மொழி என்பதை மறந்துவிட்டோம்.

கோர்ச்சாக்கின் வரலாற்றைப் படித்த பிறகு, நம் வகுப்பில் காலியான பால்மாவு டின் ஒன்றில் துளையிட்டுத் தபால் பெட்டியாக வைத்தோம். பெயர் எழுத வேண்டியதில்லை என்றோம். முதல் வாரம் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் வாரம் விழுந்த முதல் சீட்டில், பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதியிருந்தது. விசாரித்தால், உடைந்து பல மாதம் ஆகிவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் மற்றொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். ஆசிரியர்கள் எவருக்கும் இது தெரியாது. ஏனென்றால் எவரும் கேட்டதில்லை. மறுநாளே புதுத் தாழ்ப்பாள் வந்தது. விலை சில வெள்ளிதான்.

அதற்கடுத்து வந்த சீட்டு ஒன்று நம்மைப் பற்றியது. 'சார் கடைசி வரிசையைக் கேள்வி கேட்பதே இல்லை' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும், முன்னொரு நாள் கதவோரம் நின்ற அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லும் வாய்ப்பை நாம் இழந்துவிட்டோம். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதும் தெரியாது.

இம்முறை அந்தச் சீட்டை மறைக்கவில்லை. வகுப்பில் உரக்கப் படித்தோம். எழுதியது உண்மை, தவறு நம்முடையது என்றோம். பிறகு கடைசி வரிசைக்குச் சென்று அன்றைய பாடத்தின் முதல் கேள்வியைக் கேட்டோம். சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்னர் ஒரு கை மெல்ல உயர்ந்தது.